சிவப்பு நூல் போட்ட துணி

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அம்பாறைக் குவாட்டர்ஸுக்குத் திரும்பிப் போய் நான்கு நாளாகிறது. இந்த நான்கு நாளும் மேசைக்கு முன் உட்காருவதும் எழும்புவதுமாகவே எனக்குப் போயிற்று. பல்கலைக்கழகத்தில் இத்தனை வருடமாக வாய் ஓயாமல் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். பெற்ற பிள்ளையிடம் சொல்ல வேண்டிய ஒரே விஷயத்துக்கு மட்டும் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்த உறையை நான் ஒட்டப்போவதில்லை. படித்து முடித்ததும் நீ கட்டப்போகும் அந்தப் பிள்ளையிடம் கொடு, அவளுடைய வாப்பா உம்மாவிடம் கொடு, நிந்தவூரில் நம் தெருவில் யார் கேட்டாலும் கொடு. ஊர் வாயில் இருபது வருடமாகக் கிடக்கிற பொய்யை ஊருக்குத் தெரியாமல் திருத்த முடியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து நீயும் வாப்பாவும் சாப்பிட உட்கார்ந்தீர்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். சோற்றைப் பிசைந்தபடியே, தலை நிமிராமல் சொன்னாய்: "உம்மா, கல்யாணத்த நிப்பாட்டுங்க. அந்த ஊட்டுக்கு நான் போக மாட்டன்." வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறாய்? கல்லும் மண்ணும் எறங்கி, கூரையும் போட்டாச்சி. அந்தப் புள்ளட வாப்பா நாயாப் பேயா அலைஞ்சி கட்டுற ஊடு அது" என்றார். நம் பக்கத்து வழக்கம் உனக்கே தெரியும், பெண்ணுக்கு வீடு கட்டுவது பெற்றவர்களின் கடமை, அந்த வீட்டுக்குக் குடிபோவது மாப்பிள்ளையின் கடமை. மகனைப் பெற்றவள் என்றைக்காவது அவனை வழியனுப்பத்தான் வேண்டும் என்று நானும் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். நீ சொன்னாய்: "ஊட்டுல ஒரு குறையுமில்ல வாப்பா. அது மருதமுனையில இரிக்கி. முத்தத்துல நிண்டா கடல் இரையிற கேக்கிது. சாச்சி மௌத்தான இடத்துல நான் எப்புடிச் சோறு திங்கிற? அவ மௌத்தானது ஆரால? நான் அழுததாலதானே."

அப்போது நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "இன்னும் கொஞ்சம் கறி போடட்டா?" என்று கேட்டேன். இருபது வருடமாக நான் உனக்குச் செய்து வருவதும் அதுதான்.

இதைப் புரிந்துகொள்ள என் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் நீ கேட்டாக வேண்டும். "உம்மாட படிப்பு எனக்கு விளங்காது" என்று வழக்கம்போல நழுவாதே, வாய்க்கால் மட்டம் அளக்கிற உனக்கு இது ஒரு பெரிய விஷயமில்லை. சில வகைப் போன் திரைகளுக்குள் திரவப் பளிங்கு என்று ஒரு பொருள் இருக்கும். எண்ணெய் மாதிரி ஓடும். ஆனால் அதன் மூலக்கூறுகள் சின்னச் சின்னக் குச்சிகள், பள்ளிவாசலில் தொழுகைக்கு வரிசையாக ஸப்பு நிற்கிற மாதிரி எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கக்கூடியவை. அவை ஒழுங்காக நிற்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கண்ணாடியில் மெல்லிய பூச்சுப் பூசி, அதை ஒரு துணியால் ஒரே திசையில் தேய்ப்பார்கள். துணி போன திசையில் குச்சிகளும் நிற்கும். அவை உண்மையிலேயே ஒழுங்காக நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. அந்தக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி ஒரு பெரிய காந்தத்துக்குள் வைப்பேன். ஆஸ்பத்திரியில் ஆளை உள்ளே தள்ளி ஸ்கேன் எடுக்கிறார்களே, அந்தக் காந்தத்தின் உறவுக்காரன் அது. காந்தப் பரிவு நிறமாலை என்று அதற்குப் பெயர். வானொலி அலையால் உள்ளே ஒரு தட்டுத் தட்டினால் பொருள் பதில் சொல்லும். குச்சிகள் எல்லாம் ஒரே திசையில் நின்றால் திரையில் இரண்டு முனைகள் ஊசி மாதிரி எழும்பும். அலங்கோலமாக நின்றால் ஊசியெல்லாம் போய் ஒரு மேடு மட்டும் கலங்கித் தெரியும்.

அவுஸ்திரேலியாவில் ஆய்வுப் படிப்பின் முதல் வருடம் முழுக்க எனக்குக் கிடைத்தது அந்த மேடுதான். உனக்கு மூன்று வயது, நான்கு வயது என்று போய்க்கொண்டிருந்தது. உன்னை என் தங்கச்சியிடம், உன் சாச்சியிடம், விட்டுவிட்டுப் போயிருந்தேன். அவள் கல்யாணப் பேச்சையே ஒத்திப்போட்டு, "நீங்க படிச்சி முடிச்சிட்டு வாங்க ராத்தா, மாப்புள எங்க ஓடியா போகப்போறாரு?" என்று சிரித்தவள். அங்கே ஆய்வுகூடத்தில் எல்லோரும் வெல்வெட் துணியால்தான் தேய்ப்பார்கள். ஒரு நாள் அது தீர்ந்துவிட்டது. ஊரிலிருந்து ஊறுகாய்ப் போத்தலைச் சுற்றிக் கொண்டுபோன வெள்ளைத் துணி ஒன்று, மருதமுனைக் கைத்தறித் துணி, என் பையில் கிடந்தது. அதால் தேய்த்தேன். அதே நாளில் புதிதாக வந்த சூடாக்கியையும் முதல்முறையாகப் பூட்டி, தேன் மாதிரித் தடித்திருந்த பொருளைக் காந்தத்துக்குள்ளேயே இளக்கி, மெதுவாக ஆறவிட்டேன். இரண்டு ஊசிகள் எழும்பின. அவ்வளவு கூர்மையாக அங்கே யாரும் பார்த்ததில்லை. நான் அந்த அறையில் தனியாக நின்று அழுதேன். ஊரில் யாரோ நெய்த துணி, வெள்ளைக்காரர்களின் வெல்வெட் செய்யாததைச் செய்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது. ஒரே நாளில் இரண்டை மாற்றிவிட்டோம், இதில் எது வேலை செய்தது என்று முதல் வருட மாணவன் கேட்கிற கேள்வியை நான் என்னிடம் கேட்கவேயில்லை.

அந்தத் துண்டு தேய்ந்து நார் நாராகிவிட்டது. கிறிஸ்மஸ் விடுமுறை வந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், காந்தம் பத்து நாள் எனக்கே எனக்கு. ஊரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து விமானம் ஏறுகிறார் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"அதே தறித் துணிதான் வேணும், அதே நூல்" என்றேன். "மருதமுனைக்குப் போய் வாங்கி அவருட கையில குடுத்திரு."

"அவுஸ்திரேலியாவுல துணிக்கும் பஞ்சமா ராத்தா?" என்று சிரித்தாள். "அடுத்த கிழமை போகட்டா? இஞ்ச ஒரே மழை. புள்ளைக்கும் தடிமன், மூக்கு ஒழுகிட்டுத் திரியிறாரு."

"இல்ல, நாளைக்கே போ. காந்தம் சும்மா கிடக்கு."

"காந்தம் கிடந்தா கிடக்கட்டுமே, அது என்ன கெட்டுப்போற சாமானா?"

நான் கத்தினேன், மகன். என் ஒரு வருட உழைப்பு உனக்கு விளையாட்டாக இருக்கிறதா என்று கத்தினேன். அவள் அடங்கிப்போனாள். பிறகு நான் இன்னொன்றும் சொன்னேன். துணியில் பாவு நூல், அதாவது நீளவாட்டு நூல், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், அதனால் பாவு ஓடுகிற பக்கத்து ஓரத்தில் சிவப்பு நூலால் தையல் போட்டு அடையாளம் வைத்து வாங்கு, தறிக்காரர்கள் போடும்வரை பக்கத்திலேயே இரு, மாறிப் போட்டுவிடுவார்கள் என்றேன். "எந்தப் பக்கம் ராத்தா? இன்னொருக்காச் சொல்லுங்க, எழுதிக்கிறன்" என்றாள். அவளுடைய குரலை நான் கடைசியாகக் கேட்டது அப்போதுதான். இப்போதும் கேட்கிறேன். போன கிழமை உன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் கல்முனைக்குப் போயிருந்தபோது, என் கை தன்னாலே துணியைத் தடவிப் பாவு எந்தப் பக்கம் என்று பார்த்தது. "எந்தப் பக்கம் ராத்தா?" என்று காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கடைக்காரப் பொடியன் வேறு நிறம் காட்டட்டா என்று கேட்டான். நான் வெளியே வந்து நின்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வெளிக்கிட்டபோது நீ கேட்டடியில் நின்று அழுதாய். உனக்கும் வர வேண்டும். மழையும் தடிமனும் என்று அவள் உன்னை வாப்பாவிடம் விட்டாள். "அழாதங்க வாப்பா, சாச்சி வரக்குள்ள பஸ் வாங்கிட்டு வாறன்" என்று உன்னைக் கொஞ்சிச் சொல்லிவிட்டுப் போனாள். நீ மெயின் ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் எண்ணிக்கொண்டு நிற்கிற பிள்ளை, அதனால் ஒரு விளையாட்டு பஸ் கேட்டிருந்தாய். நான்கு வயதில் உனக்கு மிஞ்சிய ஞாபகம் அது ஒன்றுதான்: நீ அழுதாய், அவள் பஸ் வாங்கப் போனாள், திரும்பி வரவில்லை.

சுனாமி வந்தபோது அவுஸ்திரேலியாவில் மத்தியானம் தாண்டியிருந்தது. காந்த அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, மணிக்கூட்டையும் கழற்றி வைக்க வேண்டும். நான் அஸர் தொழுகைக்கு உளூச் செய்ய வெளியே வந்தபோது காவலாளியின் சின்ன வானொலியில் இலங்கை என்ற சொல் கேட்டது. இரண்டு நாள் ஒரு இணைப்பும் கிடைக்கவில்லை. வாப்பா மூன்று நாள் மையத்துகளுக்கு நடுவில் தேடியிருக்கிறார். முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லை. வலது கையில் ஒரு வெள்ளைத் துணி இறுக்கிச் சுற்றியிருந்ததாம், ஓரத்தில் சிவப்புத் தையலோடு. நான் போனில் சொன்னதை அவளிடம் கேட்டிருந்ததால் அவருக்கு அது விளங்கியது. மற்றவர்களோடு சேர்த்து மருதமுனையிலேயே அடக்கினார்கள். துணியை மட்டும் அவர் கழற்றி வைத்திருந்தார்.

நான் ஒரு கிழமை கழித்துத்தான் வந்து சேர்ந்தேன். வீடு நிறையச் சனம். நீ சாப்பாட்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாய். பக்கத்து வீட்டு மாமி என்னைக் கட்டிப்பிடித்து, "புள்ள சாமான் கேட்டு அழுதிச்சாம் மகள், அதுக்காகத்தான் மழையோட மழையா வெளிக்கிட்டிருக்கா, அல்லாஹ்ட நாட்டம்" என்று ஓலமிட்டார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் குனிந்து உன்னை இழுத்து மடியில் வைத்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு உம்மாவைப் பார்க்கிற பிள்ளை நீ. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் சொன்னாய்: "உம்மா, நான் இனி பஸ் கேக்க மாட்டன்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். உன்னால் இல்லை மகன், என்னால் என்று சொல்லியிருக்கலாம். சனத்துக்கு முன்னால், தங்கச்சியைக் கொன்றவள் நான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு வயதுப் பிள்ளை மறந்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். நீ மறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ யாரிடமும் எதையும் கேட்டதில்லை. பெருநாளுக்கு உடுப்புக் கேட்டதில்லை, சைக்கிள் கேட்டதில்லை, காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் கூடக் கேட்காமல் எழும்பிப் போய்க் குடித்தாய். ஒன்றும் கேட்காத தங்கமான பிள்ளை என்று ஊர் உன்னைப் புகழும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இனி எழுதப்போவது இதுவரை வாப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து நான் திரும்பிப் போனேன். அந்தத் துணியையும் கொண்டுபோனேன். என்னை நீ என்னவென்றும் நினைத்துக்கொள். உப்புப் போக அலசி, காயவைத்து, சிவப்பு நூல் காட்டிய திசையில் அந்தத் துணியாலேயே கண்ணாடியைத் தேய்த்தேன். அவள் உயிரைக் கொடுத்து வாங்கியது வீணாகப் போகக்கூடாது என்று ஒரு வெறி. காந்தத்துக்குள் வைத்து இளக்கி ஆறவிட்டேன், இரண்டு ஊசிகளும் அப்படியே எழும்பின. பிறகுதான் அந்த முதல் வருட மாணவனின் கேள்வி எனக்கு வந்தது. கண்ணாடியைக் குறுக்கே திருப்பி வைத்து மறுபடி இளக்கி ஆறவிட்டேன். துணி சொன்ன திசையில்தான் குச்சிகள் நிற்கின்றன என்றால் ஊசிகளுக்கு நடுவிலுள்ள தூரம் பாதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஊசிகள் நின்ற இடத்திலேயே நின்றன. கடைசியாகத் துணியே படாத கண்ணாடியை வைத்தேன். அதே இரண்டு ஊசிகள், அதே இடத்தில். குச்சிகளை நிறுத்தியது காந்தம். இளகிய நேரத்தில் தன் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டது. துணிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்தச் சோதனைக்கு ஒரு பின்னேரம் போதும், மகன். அந்தச் சனிக்கிழமை நான் போனைத் தூக்குவதற்கு முன் அதைச் செய்திருந்தால் அவளை அனுப்பத் தேவையே வந்திருக்காது. என் ஆய்வேட்டில் இதை ஒளிக்காமல் எழுதினேன், துணியின் வகையால் ஒரு மாற்றமும் இல்லை என்று ஒரு வரி. அதற்காக என் நேர்மையைப் பாராட்டினார்கள். முன்பின் தெரியாத பரீட்சகர்களுக்குச் சொன்ன உண்மையைப் பெற்ற பிள்ளைக்குச் சொல்லாதவளை அவர்கள் பாராட்டினார்கள். இப்போதும் விரிவுரையில் அந்த இரண்டு ஊசிகளைப் பலகையில் வரைகிறபோது, அவை அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் அழித்துவிட்டு வேறு படம் வரைவேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைத்தான் நான் எல்லாவற்றையும் விடக் கெட்டியாக ஒளித்து வைத்திருந்தேன். படிப்பு முடிந்து வந்த வருடம் மருதமுனையில் அந்தத் துணியை நெய்த தறிக்காரரின் மனைவியைத் தேடிப்போனேன். தறியும் போய், புருஷனும் போய், அவர் மட்டும் தென்னையைப் பிடித்துத் தப்பியிருந்தார். அவர் சொன்னது இதுதான்: "உங்கட தங்கச்சி வந்து குந்தினதும் நான் தேத்தண்ணி ஊத்தப் போனன். வேணாம் மாமி, கெதியா நூலப் போட்டுத் தாங்க, புள்ளைக்கு பஸ் வாங்கணும், கல்முனை பஸார்ல எறங்கி அத வாங்கிட்டு வரத்தான் முதல்ல நெனச்சன், ராத்தா அவசரம் எண்டு ஏசினதால இஞ்ச வந்திட்டன் எண்டு சொன்னா. பாதித் தையல் போடக்குள்ள வெளியில ஆக்கள் கத்துற கேட்டிச்சி. நான் எழும்பு எண்டன். மத்தப் பாதியையும் போட்டிருங்க மாமி, மாறினா ராத்தா கொன்னுபோடுவா எண்டு சிரிச்சா."

விளங்குகிறதா மகன்? நீ கேட்ட பஸ் கடற்கரையில் இருக்கவில்லை. அது கல்முனை பஸாரில், மெயின் ரோட்டுக் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. கடல் அந்த ரோட்டுக்கு ஏறவில்லை. உன் அழுகையை முதலில் கேட்டு அங்கே இறங்கியிருந்தால் அவள் இன்று உன் கல்யாணத்துக்கு மருதாணி அரைத்துக்கொண்டிருப்பாள். அவள் என் கத்தலை முதலில் கேட்டாள். உன் அழுகை அவளைக் கொல்லவில்லை. அது அவளைக் காப்பாற்றப் பார்த்தது.

எழுதியதையெல்லாம் வாப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதக் குடுக்கட்டா?" என்று கேட்டேன். "எத்தின தரம் சொல்லு சொல்லு எண்டு உன்ட வாயப் பாத்துக்கிட்டு இருந்த நான். நீ சொல்லல்ல, நானும் சொல்லல்ல. என்னையும் சேர்த்து எழுது" என்றார். எழுதிவிட்டேன். உனக்கு எங்கள் மேல் கோபம் வந்தால் அது நியாயம், வந்துதான் ஆக வேண்டும். பேசாமல் இருந்துவிடாதே, எங்களிடமிருந்து நீ படித்த கெட்ட பழக்கம் அது. ஏசு, கத்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேள்.

இருபது வருடத்துக்குப் பிறகு நீ வாய்திறந்து கேட்டது ஒன்றே ஒன்று, அந்தப் பிள்ளை. "உம்மா, எனக்கு அவவக் கேட்டுப் பாக்கிறீங்களா?" என்று நீ தரையைப் பார்த்துக்கொண்டு கேட்ட அன்று, நான் குசினிக்குள் போய் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் ஸஜ்தாச் செய்தேன். அதையும் என் பொய்க்காகத் திருப்பிக் கொடுக்கப் போகிறாயா? அந்த வீட்டு முற்றத்தில் கடல் இரைவது கேட்கத்தான் செய்யும். பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போகும்போதெல்லாம் நான் பாண்டிருப்பு தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்வேன், உனக்கு அது தெரியாது, நீ என்னை நித்திரை என்று நினைப்பாய். வருகிற வெள்ளிக்கிழமை நான் கண்ணைத் திறந்துகொண்டு போகப் போகிறேன். முதலில் அவளை அடக்கிய இடத்துக்குப் போய், எந்தப் பக்கம் என்று அவள் கேட்டதற்கு எந்தப் பக்கமும் இல்லை தங்கச்சி, நான் தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் உனக்காகக் காத்திருப்பேன்.

துணியை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். சிவப்புத் தையல் பாதியில் நிற்கும், பார். நீ வா மகன். அம்பாறையிலிருந்து வருகிற பஸ்ஸில் கல்முனை பஸாரில் இறங்கு. அவசரப்படாதே, உம்மா எவ்வளவு நேரமானாலும் இருப்பேன். ரோட்டோரக் கடையில் உனக்குப் பிடித்த ஒரு பஸ்ஸைக் கேட்டு வாங்கு. முதலில் அதை வாங்கு, பிறகு வா.

உன் உம்மா